அடுப்படியில் அம்மாவுக்கு இடம் இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் மூத்தவர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார். சமையல் வேலையை விடச் சொன்னால் கேட்பதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது பால் பொங்கி வழிகிறது. அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். என் மனைவி பயப்படுகிறாள். அடுப்படிப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சொல்லாதீர்கள். அடுப்படியை விட்டு வந்தவர் நேரே டி.வி. முன்னால்தான் உட்காருவார். நடை குறையும், பசி மந்தமாகும், இன்றைக்கு என்ன குழம்பு என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட உட்காருவார். குனிவது, தூக்குவது, வெகுநேரம் நிற்பது, ஞாபகம் வைத்துக்கொள்வது. இந்த நான்கையும் வேலையிலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சத்தை அவர் உங்களைவிட நன்றாகவே செய்வார்.

முதலில் அரிவாள்மணை. அந்தக் கைக்குக் கத்தியால் ஆபத்து குறைவு. தரையில் உட்கார்ந்து எழுவதுதான் சிக்கல். அதற்காக மணையைத் தூக்கி மேசை மேல் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். காலால் அழுத்திப் பிடிக்க முடியாமல் அது புரண்டுவிடும். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைப் போடுங்கள். உட்காரும் பகுதி தரையிலிருந்து சுமார் 18 அங்குலம் இருந்தால் எழுவது எளிது. முழங்கை மட்டத்தில் மேசை, அதன்மேல் ஈரத்துணி விரித்து வெட்டுப்பலகை. துணி இல்லாவிட்டால் பலகை வழுக்கும். கத்தி கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்தியை அழுத்த வேண்டியிருப்பதால்தான் அது சறுக்கி விரலில் படுகிறது. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுத்தால் நகம் நோகாமல் தோல் வரும்.

தினமும் எடுக்கும் டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை அவர் கையில் கொடுக்காமல், அரை லிட்டர் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். அரிசிக்கும் அப்படியே: மூட்டை எங்கேயும் இருக்கட்டும், அன்றாடத்துக்கு இரண்டு கிலோ டப்பா போதும்.

பாலுக்குப் பழைய பால் குக்கரே நல்ல வழி. இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்றி ஏற்றினால் பால் பொங்காது, அடிப்பிடிக்காது, சூடானதும் விசில் வரும். தண்ணீர் ஊற்ற மறந்தாலோ முழுக்க வற்றிவிட்டாலோ விசில் வராது, பாத்திரமும் கெடும். அதனால் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதை முந்தின இரவே வேறொருவர் செய்துவிடலாம். வாங்கியதும் ஒரு சோதனை: குக்கர் விசிலடிக்கும்போது அம்மா ஹாலில் இருக்கட்டும். அவருக்கு அது கேட்கவில்லை என்றால், இந்தப் பக்கத்தில் அடுத்த பதிலையும் படியுங்கள்.

வேலை கொடுக்கும்போது வீட்டார் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. அவர் நறுக்கிய பீன்ஸை அவருக்குத் தெரியாமல் திரும்ப நறுக்குவது. தெரிந்துவிடும். பெரிதாக இருந்தால் அன்றைக்குப் பொரியலுக்குப் பதில் கூட்டு வையுங்கள்.

பால் பொங்குவது ஒன்று. நாற்பது வருடமாக வைத்த ரசத்தில் எதை எப்போது போடுவது என்று குழம்புவது வேறு. பற்றவைத்த அடுப்பையே மறந்துபோவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது என்று தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நினைவாற்றல் சோதனையோடு தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், வருடக்கணக்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம், சரிசெய்யக்கூடியதும்தான். அதுவரை அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் இன்னொருவர் வேலை. ருசி பார்ப்பதும் பதம் சொல்வதும் அம்மா வேலை.

கேள்வி: கூப்பிட்டால் அம்மாவுக்குக் காதில் விழுவதில்லை. ஆனால் அவரைப் பற்றி மெதுவாகப் பேசினால் மட்டும் கேட்டுவிடுகிறது! வேண்டுமென்றே செய்கிறாரா? காதுக் கருவி வாங்கியும் அது அலமாரியில் கிடக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: வேண்டுமென்று செய்யவில்லை. வயதில் வரும் செவிக்குறைவு முதலில் மேல்ஸ்தாயி ஒலிகளைத் தின்கிறது. பேச்சில் உயிரொலிகள் கீழ்ஸ்தாயி, பலமானவை. க, ச, ப போன்ற வல்லின ஒலிகள் மெலிந்தவை. ‘பால்’, ‘கால்’ இரண்டும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கலாம். அடுத்த அறையிலிருந்து கத்தினால் ‘ஆ’ மட்டும்தான் பெரிதாகும், ‘ப’ பெரிதாகாது. நீங்கள் ரகசியம் பேசியது பெரும்பாலும் பக்கத்தில், அமைதியில், முகம் தெரியும்படி. அதனால் விளங்கியது.

அதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு அடிக்குள் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, முதலில் ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். மிக்ஸி ஓடும்போது பேச வேண்டாம். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொல்வது பலன் தரும். ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று முடிப்பதுதான் அவரை அதிகம் வருத்தும்.

காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று காது–மூக்கு–தொண்டை மருத்துவர் முதலில் பார்க்கட்டும். ஹேர்பின்னும் காய்ச்சிய எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

கருவி அலமாரிக்குப் போவதற்குப் பெரும்பாலும் முதல் வாரமே காரணம். புதுக் கருவியில் தட்டு வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி இருக்கும். முதல் சில நாள் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது, ஒன்றிரண்டு மணி நேரம் போதும். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். டி.வி. அப்புறம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் இரண்டு மாதத்தில் இரண்டு மூன்று முறை ஒலி அளவைத் திருத்தப் போக வேண்டியிருக்கும். ‘தட்டுச் சத்தம் குத்துகிறது’ என்று குறிப்பாகச் சொன்னால் அங்கே வேலை எளிது. கருவி கீச்சிட்டால் காதில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகியுங்கள். பட்டன் மாதிரியான துத்தநாக பேட்டரி என்றால், ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றாட விட்டுப் போடுங்கள். உரித்த பிறகு உபயோகிக்காவிட்டாலும் அது தீர்ந்துபோகும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் கழற்றிவைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை நோய். ஏகாதசி விரதத்தை விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: விரதத்தோடு சண்டை போடாதீர்கள், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மருத்துவரிடம் போங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றில் எதையாவது வழக்கம்போல் எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு விரதமே கூடாது என்றும் சொல்லக்கூடும். அப்போது அதை அவர் வாயாலேயே மாமியார் கேட்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ராத்திரி பாத்ரூம் போகும்போது அம்மா தடுமாறுகிறார்.
– வாசகர், சேலம்

பதில்: படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகு நிற்கட்டும். அப்படியும் தலை சுற்றினால் படுத்தபடியும், நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தத்தை அளந்து குறித்துவையுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ய மருத்துவரிடம் கேளுங்கள். பாத்ரூமில் துண்டுக் கம்பியைப் பிடித்து எழவிடாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், டைல்ஸோடு நிற்காமல் உள்சுவருக்குள் இறங்கும்படி கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள். வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் சமையலை எழுதிவைக்க ஆசை. எதைக் கேட்டாலும் ‘கண் அளவுதான்’ என்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: ஹாலில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் சொல்வார். அளவு அவர் கையில்தான் இருக்கிறது, அதனால் கையோடு கையாக எடை போடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். சமையலுக்கு முன் மிளகாய்ப்பொடி டப்பா, உப்பு ஜாடி, புளி டப்பா எல்லாவற்றையும் எடை போட்டுக் குறியுங்கள். அவர் தன் போக்கில் எடுத்துப் போடட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் கண் அளவு. ஒரே குழம்பை மூன்று தடவை இப்படிச் செய்து சராசரி எடுங்கள்.

அவருடைய ஆழாக்கை நம்பிவிடாதீர்கள். கணக்குப்படி ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336 மி.லி.; வீட்டிலிருப்பது நசுங்கியதாகவோ வேறொரு டம்ளராகவோ இருக்கும். தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள்: ஒரு கிராம் என்பது ஒரு மி.லி. உப்பு கல்லா, பொடியா என்று கட்டாயம் எழுதுங்கள். ஒரு ஸ்பூன் பொடியுப்பு ஒரு ஸ்பூன் கல்லுப்பைவிட எடை அதிகம். வயதானால் உப்புச் சுவை மந்தமாகும் என்பதால், இன்றைய அளவு அவருடைய பழைய அளவாக இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் மற்றவர்கள் நாக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையில் வராதது பதம். அதற்கு அலைபேசியில் பதிவு செய்வது நல்லது, அவரிடம் சொல்லிவிட்டு. எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, இரண்டடி தூரத்தில் வையுங்கள். ‘எப்படிச் செய்வீங்க?’ என்று கேட்காமல், அவர் வாணலியை இறக்கும் நொடியில் ‘ஏன் இப்ப இறக்குனீங்க?’ என்று கேளுங்கள். மல்லி வாசம் மாறியது, எண்ணெய் ஓரத்தில் பிரிந்தது என்று அப்போதுதான் வாயில் வரும். அவர் சொல்லும் ஊர்ச் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதி, தேதியும், அந்தக் குழம்பை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் மேலே குறித்துவையுங்கள்.