மோடம் தரவை அனுப்பும்போது லாகர் ரீசெட் ஆவது குறித்து

வணக்கம். உங்கள் பசுமைக்குடில் லாகர் (அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவி) பகலெல்லாம் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒழுங்காக அனுப்பிவிட்டு, விடியற்காலையில் மட்டும், செல்போன் நெட்வொர்க் வழியே இயங்கும் சிம்800எல் மோடம் தரவை அனுப்பத் தொடங்கியதுமே ரீசெட் ஆகிவிடுவதாகவும், அதற்காக சென்சாரை இருமுறை மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பழுது சென்சாரில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த மோடம் சிக்னல் அனுப்புகையில், ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை மின்சாரத்தை இழுக்கும். மல்டிமீட்டர் காட்டும் சராசரியில் இது தெரியவே தெரியாது. இரவு முழுவதும் சூரிய ஒளியின்றி இறங்கிய பேட்டரியும், படத்தில் நான் பார்த்த அந்த நீண்ட, மெல்லிய ஜம்பர் கம்பியும் சேர்ந்தால், மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து, அதே இணைப்பில் உள்ள மைக்ரோகன்ட்ரோலரையும் (லாகரை இயக்கும் சில்லு) சாய்த்துவிடும். அந்த நொடிநேரத் தேவைக்கு மின்சாரத்தைச் சேமித்துத் தரும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மோடத்தின் மின்முனைகளை ஒட்டியே சால்டர் செய்து, கம்பியைத் தடித்ததாகவும் குட்டையாகவும் மாற்றுங்கள்.

இன்னொன்றையும் அவசியம் செய்யுங்கள்: ஒவ்வோர் அளவீட்டையும் நேரத்துடன் முதலில் எஸ்டி கார்டில் எழுதி, சர்வர் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்த பிறகே அதை அனுப்பியதாகக் குறியுங்கள். மின்விசிறியை இயக்கும் முடிவை மட்டும் சர்வரிடம் விடாதீர்கள். நெட்வொர்க் இல்லாத நண்பகலில் செடிகள் வாடிவிடும்.