ஒரே சப்வூஃபரை இசைக்கும் படத்துக்கும் எப்படி இணைப்பது?

பாட்டுக்கு ஸ்டீரியோ ஆம்ப், படத்துக்கு ஏவி ரிசீவர், சப்வூஃபரோ ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் வயரை மாற்றி மாட்டணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. சப்வூஃபரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் வயருக்கான ஹை-லெவல் இன்புட்டும், எல்எஃப்இ (படத்தின் தனி பேஸ் தடம்) இன்புட்டும் தனித்தனி வால்யூம் குமிழோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டீரியோ ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஹை-லெவலுக்கு வயர் இழுங்கள். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து எல்எஃப்இ-க்கு ஒரு கேபிள். ரிசீவரின் ஃப்ரன்ட் ப்ரீ-அவுட்டை (முன் ஸ்பீக்கர்களுக்கான, இன்னும் பெருக்காத சிக்னல்) ஆம்பின் ஹோம் தியேட்டர் பைபாஸில் (ஆம்பின் வால்யூம் குமிழைத் தாண்டிப்போகும் இன்புட்) கொடுங்கள். முன் ஸ்பீக்கர்கள் எப்போதும் ஆம்பிலேயே இருக்கட்டும்.

பலர் சறுக்குவது செட்டிங்கில்தான். ரிசீவரில் ஃப்ரன்ட் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்றும், சப்வூஃபர் மோடை வெறும் 'எல்எஃப்இ' என்றும் வையுங்கள். 'எல்எஃப்இ + மெயின்' வைத்தால் அதே பேஸ் இரண்டு வழியிலும் வந்து குமுறும்.

பாட்டுக்கான அளவை முதலில் சரிசெய்யுங்கள். பெரிய ஸ்பீக்கர் என்றால் கிராஸ்ஓவரை (சப்வூஃபர் எந்த அதிர்வெண் வரை ஒலிக்கணும் என்ற எல்லை) 40 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, ஹை-லெவல் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் வால்யூமைக் குறையுங்கள், அல்லது சப்வூஃபரை ஓரடி நகர்த்துங்கள். என் அனுபவத்தில் நகர்த்துவதுதான் அதிகம் உதவும். ஃபேஸை (சப்வூஃபர் ஸ்பீக்கரோடு சேர்ந்து அசைவதா, எதிராக அசைவதா என்பது) 0, 180 டிகிரி என மாற்றி, பேஸ் நிறைவாகக் கேட்பதை வைத்துக்கொள்ளுங்கள். எல்எஃப்இ குமிழைப் படம் பார்க்கும்போது தனியாகத் திருகினால் போதும்.

வயர் மாட்டும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிரிட்ஜ் முறை ஆம்ப் (இரண்டு ஆம்ப் சுற்றுகள் சேர்ந்து ஒரு ஸ்பீக்கரை இயக்குவது), பல கிளாஸ் டி ஆம்ப்களில் (ஸ்விட்சிங் முறையில் இயங்குபவை) சப்வூஃபரின் கறுப்பு வயரை ஸ்பீக்கர் மைனஸில் மாட்டவே கூடாது, ஆம்ப் பழுதாகலாம். கையேட்டில் சொன்ன கிரவுண்டில் மட்டும் மாட்டுங்கள்.