சிப்பிப்பாறைக் கண்காட்சிக்கு நடுவராக யாரை அழைப்பது?

கேள்வி: பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய்களை வளர்க்கிறவர்கள் 35 பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். வரும் தை மாதம் இந்த நாய்களுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி நடத்தப் போகிறோம். இதுதான் முதல் முறை. நடுவர் விஷயத்தில் கமிட்டி மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. சிலர் வெளிநாட்டு நடுவரை வரவழைக்கலாம் என்கிறார்கள். சிலர், எங்களில் பாதிப் பேருக்குக் குட்டி கொடுத்த ஒரு மூத்த வளர்ப்பாளரையே உட்கார வைக்கலாம் என்கிறார்கள். கால்நடை மருத்துவர் போதும், அவரிடம் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்பது மற்றவர்களின் கட்சி. யாரை அழைப்பது? கன்னியையும் சிப்பிப்பாறையையும் ஒரே போட்டி வகுப்பில் நிறுத்தலாமா?

பதில்: ஆளை முடிவு செய்வதற்கு முன்னால், அந்த ஆள் கையில் எதைக் கொடுக்கிறீர்கள் என்று கமிட்டியில் ஒருமுறை பேசிவிடுங்கள். கோப்பையும் சான்றிதழும் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் தை மாதம் முதல் இடம் வாங்கிய கடுவனை, அதாவது ஆண் நாயை, தேடித்தான் பங்குனி, சித்திரையில் எல்லாரும் பெட்டையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அடுத்த தைக்குள் அந்தக் கடுவனின் குட்டிகள் உங்கள் ரிங்கிலேயே, அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் களத்திலேயே, நிற்கும். 35 வீடு உள்ள சங்கத்தில் ஒரே கடுவனின் ரத்தம் மூன்று வருடத்தில் எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவர் சுட்டிக்காட்டும் நாய்தான் உங்கள் பகுதியில் சிப்பிப்பாறை இனி எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். யார் வந்தால் சண்டை வராது என்று யோசித்து நடுவரைத் தேடினால் தப்பான ஆளிடம்தான் போய் நிற்பீர்கள்.

வட சென்னையில் புறாப் பந்தயம் தெரியாத தெரு இல்லை. அங்கே கடிகாரம் பேசும், மனிதர் பேச வேண்டியதில்லை. நாய்க் கண்காட்சியில் கடிகாரம் கிடையாது. ஒருவருடைய கண்ணும் கையும்தான் அளவுகோல். அதனால் அந்தக் கண்ணுக்கு என்ன பழக்கம் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடித்த நாய். உடம்பு முழுவதும் அந்த வேலைக்காக அமைந்தது. ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், மெல்லிய தோல். நல்ல நிலையில் இருக்கிற நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியும், இடுப்பு எலும்பின் முனையும் லேசாகத் தெரியும். லேப்ரடாரும் ராட்வைலரும் பார்த்துப் பழகிய கண் இதைப் பார்த்ததும் 'ஒல்லி, சரியாகச் சாப்பாடு போடவில்லை' என்று பின்வரிசைக்குத் தள்ளிவிடும். சதை போட்ட நாய் முதலிடத்துக்கு வரும். அடுத்த வருடம் எல்லாரும் தீனியைக் கூட்டிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது, அதுதான் பெரியது. மார்பு இன்னும் ஆழமாக, இடுப்பு இன்னும் வளைந்து, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிற நாய்க்கே பரிசு என்று ஒரு நடுவர் போனால், அந்த உருவத்தைச் சீக்கிரம் கொண்டுவர ஒரே வழி கிரேஹவுண்ட் என்கிற வெளிநாட்டு ஓட்ட நாயோடு கலப்பது. அப்படிக் கலந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கலப்பு எங்கே தெரியும், தலையிலா, தொடைச் சதையிலா, தோலிலா என்று சொல்லத் தெரிந்த நடுவர்தான் உங்களுக்கு வேண்டும்.

சரி, உங்கள் மூன்று கட்சிக்கு வருகிறேன்.

கால்நடை மருத்துவர் கண்காட்சிக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் வாசல். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா, மாநகராட்சி உரிமம் இருக்கிறதா, இருமலோ தோல் நோயோ உள்ள நாய் உள்ளே வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு பக்கம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொண்டு மருத்துவருக்கு நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. ஆனால் ஆரோக்கியம் வேறு, இன லட்சணம் வேறு. இதயத் துடிப்பைக் கேட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, இந்தத் தலை சிப்பிப்பாறைத் தலைதானா என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதைத் தனியாகக் கற்றுக்கொண்ட மருத்துவர்கள் சிலர் உண்டு. அவர்களையும் நடுவர் என்ற தகுதியில் அழையுங்கள். மருத்துவர் என்பதற்காக மட்டும் அழைக்காதீர்கள்.

மூத்த வளர்ப்பாளர் விஷயத்தில் எனக்கு மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. இந்த இனத்தை அவரளவுக்குத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் ரிங்கில் நிற்கும் நாய்களில் பாதி அவர் வீட்டுக் குட்டி. அவர் நேர்மையாகவே தீர்ப்பு சொன்னாலும், தோற்றவர் வீட்டுக்குப் போகும் வழியில் என்ன பேசுவார் என்று நமக்குத் தெரியும். எஃப்.சி.ஐ. என்கிற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதி, கண்காட்சிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நடுவர் வைத்திருந்த, பராமரித்த, விற்ற நாயை அவர் முன்னால் கொண்டுவரவே கூடாது என்கிறது. நம் ஊரில் யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான்தான், அதனால் ஆறு மாதம் போதாது என்பது என் கருத்து. அவர் விற்ற குட்டி, அவர் கடுவனுக்குப் பிறந்த குட்டி எதுவாக இருந்தாலும் குறைந்தது ஒரு வருட இடைவெளி வையுங்கள். அந்த மனிதரை வீணாக்கவும் வேண்டாம். கண்காட்சிக்கு முந்தைய வாரம், உறுப்பினர்களை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் நாயைத் தொட்டுக் காட்டி வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். முதல் கண்காட்சிக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

வெளிநாட்டு நடுவருக்கு இங்கே உறவும் பகையும் கிடையாது, அது ஒரு பலம். சலூக்கி, ஸ்லூகி மாதிரி பாலைவன வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் சிப்பிப்பாறையின் உடம்பை உடனே புரிந்துகொள்வார். ஆனால் சிப்பிப்பாறை எஃப்.சி.ஐ. பட்டியலில் இல்லை. அவர் இதுவரை ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். விமான டிக்கெட், தங்கும் செலவு போக, அவருடைய நாட்டுச் சங்கத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும். முதல் வருடமே இந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

அப்படியானால் யார்? கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கே.சி.ஐ.) நடுவர் பட்டியலில் இருப்பவர்களில், வேட்டை நாய்களை நிறையப் பார்த்தவர், உங்கள் சங்கத்தில் யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாதவர், முடிந்தால் வெளி மாவட்டத்திலோ வெளி மாநிலத்திலோ இருப்பவர். கே.சி.ஐ. தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. கடிதத்தோடு நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் கண்காட்சிக்கு அவர்கள் அங்கீகாரம் வேண்டுமா, சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் வரும் சான்றிதழ் கொடுக்கப் போகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஆம் என்றால் பட்டியலில் உள்ளவர்தான் நடுவர், அதில் பேச்சே இல்லை. வெறும் நட்புக் கண்காட்சி என்றால் யாரையும் அழைக்கலாம். ஆனால் அதை நோட்டீஸில் பளிச்சென்று போட்டுவிடுங்கள். சாம்பியன் சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்துவிடக் கூடாது.

இரண்டு மூன்று பெயர் கையில் வந்ததும், அவர்கள் வேறெங்காவது தீர்ப்புச் சொல்லும் கண்காட்சிக்குக் கமிட்டியிலிருந்து இருவர் போய் ரிங் ஓரத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். பயோடேட்டாவில் தெரியாதது அங்கே தெரியும். எல்லா நாயையும் ஒரே வரிசையில், ஒரே நேரம் எடுத்துப் பார்க்கிறாரா? பார்வை நாய் மேல் இருக்கிறதா, பிடித்திருப்பவர் முகத்தில் இருக்கிறதா? நான் முக்கியமாகக் கவனிப்பது வேறொன்று. ஒவ்வொரு வகுப்பிலும் முதலிடம் வந்த நாய்கள் கடைசியில் ஒன்றாக நிற்கும் அல்லவா, அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அவர் மனதில் ஒரு உருவம் தெளிவாக இருக்கிறது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று பருமன் என்று கலவையாக நின்றால், அவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு காரணத்துக்காகப் பரிசு கொடுத்திருக்கிறார். அப்புறம், அவரிடம் தோற்றவர்களிடம் பேசுங்கள். 'தோற்றேன், ஆனால் ஏன் என்று சொன்னார்' என்று இரண்டு பேர் சொன்னால் அந்த நடுவரைத் தயங்காமல் அழைக்கலாம்.

நாயைத் தொடும் விதத்தையும் பாருங்கள். சிப்பிப்பாறை அந்நியர் கை பட்டால் ஒதுங்கும், அது அதன் குணம். நான் ரிங் உதவியாளராக நின்ற ஒரு கண்காட்சியில், பத்து மாதப் பெட்டை ஒன்று, செவலை நிறம், அழகான நடை. நடுவர் நேராக எதிரே வந்து குனிந்து தலைக்கு மேல் கையை நீட்டினார். அது வாலை இடுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. 'பயந்த சுபாவம்' என்று குறிப்பெழுதி ஓரமாக நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழித்து அதே பெட்டை வேறொரு நடுவர் முன்னால் நின்றது. அவர் பக்கவாட்டில் வந்து நின்றார், நாயைப் பார்க்கவில்லை, பிடித்திருந்த பையனிடம் வயது என்ன என்று கேட்டார். கேட்டுக்கொண்டே புறங்கையை மோந்து பார்க்க விட்டார். பிறகு தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்புவரை ஒரே தடவலாகக் கையைக் கொண்டுபோனார். கடைசியில் உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்த்தபோதும் அது அசையவில்லை. முதல் நடுவருக்கு ஊர் முழுக்கப் பெயர். நம் நாயைத் தொடத்தான் அவருக்குப் பழக்கமில்லை.

பேச்சு முடிவானதும் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தேதி, கட்டணம், பயணம், தங்குமிடம், எத்தனை நாய், எழுத்துக் குறிப்பு உண்டா இல்லையா, உங்கள் உறுப்பினர்களோடு குட்டி விற்றல் வாங்கல் எதுவும் இல்லை என்ற உறுதி எல்லாம் அதில் வர வேண்டும். எழுத்துக் குறிப்பை நான் வற்புறுத்துவேன். ஒவ்வொரு நாய்க்கும் நாலு வரி, என்ன நல்லது, என்ன குறை என்று. அது இருந்தால்தான் தோற்றவர் வீட்டுக்கு எதையாவது எடுத்துக்கொண்டு போக முடியும். குறிப்பு எழுத நேரம் பிடிக்கும். எஃப்.சி.ஐ. கணக்கில் மணிக்குச் சுமார் 20 நாய், ஒரு நாளைக்கு 80 நாய்தான் ஒரு நடுவருக்கு. உங்களுக்கு 80க்கு மேல் பதிவு வராது என்று நினைக்கிறேன், ஒருவரே போதும். ஆனால் காய்ச்சலோ ரயில் தாமதமோ வரலாம், மாற்று நடுவர் ஒருவரைச் சொல்லி வையுங்கள். இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கே.சி.ஐ. இனத் தரக்குறிப்பை நடுவருக்கு ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். நடுவர் பெயரைப் பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிடுங்கள்.

போட்டியில் தங்கள் நாயை நிறுத்தப் போகிற கமிட்டி உறுப்பினர்கள், நடுவரை இறுதியாகத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்கக் கூடாது. பெயர் பரிந்துரைக்கலாம், அதோடு சரி. இதை ஒருமுறை தீர்மானமாகப் போட்டுவிட்டால் அடுத்த வருடமும் உதவும். ஒருமுறை வந்தவரை மூன்று வருடத்துக்குத் திரும்ப அழைக்காமல் இருப்பதும் நல்ல வழக்கம். ஒரே கண் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதே குறை திரும்பத் திரும்பத் தப்பித்துவிடும்.

அன்றைக்கு நடக்கிற சின்ன விஷயங்களில்தான் பெயர் கெடும். நடுவரை சென்ட்ரலிலிருந்தோ விமான நிலையத்திலிருந்தோ அழைத்து வருபவர் போட்டியில் நாயை நிறுத்தாதவராக இருக்க வேண்டும். உறுப்பினர் வீட்டில் தங்க வைக்காதீர்கள், நல்ல லாட்ஜ் போதும். முந்தைய நாள் இரவு விருந்து வேண்டாம். பொன்னாடை போர்த்துவதெல்லாம் கடைசிப் பரிசு கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் நடுவருக்குச் சால்வை போர்த்திவிட்டு, பத்து நிமிடத்தில் நாயோடு ரிங்கில் நின்றால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாவற்றையும் கவனிப்பார்கள். கவுன்சிலர் வரட்டும், கோப்பை கொடுக்கட்டும், ரிங்குக்கு வெளியே நாற்காலி போடுங்கள். எந்த நாய் யாருடையது என்று சொல்லும் கேட்லாக் நடுவர் கண்ணில் படவே கூடாது. எண்ணைத் தவிர நாயைப் பற்றி எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. தை மாதமானாலும் பத்து மணிக்கு மேல் மைதானம் காயும். ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள், நடுவருக்கும் நாய்க்கும் நிழல் இருக்கட்டும்.

கன்னியையும் சிப்பிப்பாறையையும் பற்றிக் கேட்டீர்கள். இரண்டும் தனி இனம் என்பவர்களும், கறுப்பு நிறத்தில் பழுப்புப் புள்ளி வந்தால் கன்னி, வெளிர் நிறத்தில் வந்தால் பால்கன்னி, எல்லாம் ஒரே ரத்தம்தான் என்பவர்களும் உங்கள் சங்கத்திலேயே இருப்பார்கள். அந்த வழக்கை ரிங்கில் வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கண்காட்சி என்றால் கே.சி.ஐ. இனப் பட்டியல் எப்படிச் சொல்கிறதோ, நாயின் பதிவுச் சான்றில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அப்படியே வகுப்பு. நட்புக் கண்காட்சி என்றால் தனித்தனி வகுப்பு வைத்து, இரண்டிலும் முதலிடம் வந்தவற்றைக் கடைசியில் சேர்த்து நிறுத்துங்கள். நடுவரிடம் இதை அழைப்புக் கடிதத்திலேயே சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு நோட்டீஸ் அச்சடியுங்கள்.