மீட்டர் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேட்டூர் திறக்கிறதோ இல்லையோ, ஜூன் பிறந்தால் நம் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிடும். கூடவே எனக்கு மல்டிமீட்டர் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்து, மீதியைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஆடுதுறை): ஐ.டி.ஐ. முடித்து வயர்மேன் வேலைக்குப் போகிறேன். கையில் 250 ரூபாய் மஞ்சள் மீட்டர் இருக்கிறது. போதுமா அண்ணே?

போதாது தம்பி. பேட்டரி பார்க்க, அடாப்டர் பார்க்க, ரேடியோ பிரித்துப் பழக அது நல்ல மீட்டர்தான், தூக்கிப் போட வேண்டாம். மெயின் போர்டு பக்கம் மட்டும் கொண்டு போகாதே. அதன் 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு ஆங்கில வார்த்தை இருக்கும், இந்த வழியில் ஃபியூஸ் கிடையாது என்று அர்த்தம். அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

வீட்டு வயரிங், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று போகப் போகிறாய் என்றால் கேட்-3, 600 வோல்ட்தான் கீழ் எல்லை. கேட் (CAT) என்பது லைனின் எந்த இடம் வரை மீட்டரைக் கொண்டு போகலாம் என்று அதன் மேல் போட்டிருக்கும் பாதுகாப்புத் தரம், எண் ஏற ஏற சப்ளை வருகிற பக்கத்துக்கு நெருங்கலாம். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 415தானே, கேட்-2 600 வோல்ட் மீட்டர் தாங்காதா என்று கேட்பாய். 415 தாங்கும். ஐப்பசி மழையில் எங்கோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இடி இறங்கினாலும், பக்கத்தில் பெரிய மோட்டார் ஒன்றை அணைத்தாலும், லைனில் ஒரு நொடியில் மிகச் சிறிய துளி நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி இறங்கும். கேட்-2 600 வோல்ட் மீட்டரை 4,000 வோல்ட் அடி வரைதான் சோதிக்கிறார்கள், கேட்-3 600 என்றால் 6,000. அதுவும் கேட்-3 சோதனையில் அந்த அடிக்குப் பின்னால் இருக்கும் கரண்டின் பலமும் பல மடங்கு. வெளியிலிருந்து சர்வீஸ் வயர் நேராக வந்து இறங்குகிற மோட்டார் கொட்டகை போர்டுக்கு கேட்-4, 600 வோல்ட் இருந்தால் இன்னும் நல்லது.

ஆரம்பத்தில் உனக்கு ஆம்பியர் ஓட்டையே இல்லாத மீட்டர்தான் நான் சொல்வேன். ஃப்ளூக் 101 அப்படிப்பட்டது, கேட்-3 600 வோல்ட், ஆம்பியர் அளக்காது. அளக்காதது குறை இல்லை. கரண்ட் பார்க்க, வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொள். லீடை, அதாவது மீட்டரில் செருகும் வயரை, எந்த ஓட்டையில் செருகினோம் என்ற ஆபத்தே உனக்கு வராது.

கேள்வி (நீடாமங்கலம்): மீட்டரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. கடையில் அதே மாதிரி கிடைக்கவில்லை. வயரிலிருந்து ஒரு செம்பு இழை எடுத்துச் சுற்றி வைத்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. இப்படியே விடலாமா?

விடக் கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த இழையைப் பிடுங்கி எறியுங்கள்.

"நன்றாக வேலை செய்கிறது" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுப் பீஸ் கட்டையில் கம்பி கட்டிக் கட்டிப் பழகிய கை, மீட்டரிலும் அதையே செய்கிறது. ஃபியூஸ் வேலை செய்கிறதா இல்லையா என்பது தப்பு நடக்கிற அந்த ஒரு கணத்தில்தான் தெரியும், அப்போது மீட்டர் உங்கள் கையில் இருக்கும்.

இருபது வருடத்துக்கு முன்னால், கொரடாச்சேரிப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகை. என்னோடு வேலை பார்த்த பையன் காலையில் ஒரு பேட்டரி சார்ஜரில் ஆம்பியர் பார்த்திருக்கிறான். சிவப்பு லீடு 10 ஆம்பியர் ஓட்டையிலேயே நின்றுவிட்டது. மதியம் ஸ்டார்ட்டரில் சப்ளை வருகிறதா என்று பார்க்க, குமிழை வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு இரண்டு ஃபேஸ் மேல் இரண்டு முனையையும் வைத்தான். குமிழ் எங்கே இருந்தால் என்ன, லீடு ஆம்பியர் ஓட்டையில் இருந்தால் மீட்டருக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு மட்டும்தான், ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தேறும். அதாவது இரண்டு ஃபேஸையும் கையால் பிடித்துக் கட்டிவிட்ட மாதிரி. உள்ளே இருந்த கண்ணாடி ஃபியூஸ் மேல் யாரோ முன்பே இழை சுற்றியிருந்தார்கள். மீட்டரின் பின்மூடி வரப்பில் போய் விழுந்தது. பையனின் வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோய் மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. மீட்டர் என் கடையுடையது. திறந்து பார்க்காமல் அவன் கையில் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து புதிதோ பழையதோ எந்த மீட்டர் என் கடைக்குள் வந்தாலும் பின்மூடியைக் கழற்றாமல் நான் பயன்படுத்தியதில்லை.

கணக்கையும் பாருங்கள். நம் ஊர்த் தெருக்கோடியில் நிற்கிற 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் கொடுப்பது சுமார் 130 ஆம்பியர். ஷார்ட் ஆனால் அதன் அடியில் ஏறக்குறைய 3,000 ஆம்பியர் பாயும். உங்கள் கொட்டகைக்கு வருவதற்குள் லைன் நீளத்தில் குறையும், குறைந்தாலும் பல நூறு. ஒரு கண்ணாடி ஃபியூஸ் 250 வோல்ட்டுக்குச் செய்தது. அது உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் ஆவி வழியாகவே கரண்ட் தொடர்ந்து போகும், கண்ணாடி வெடிக்கும். இழை சுற்றினால் அந்தக் கொஞ்ச நஞ்சத் தடையும் போச்சு. ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ், அதாவது பெரிய ஷார்ட் கரண்டையும் வெடிக்காமல் துண்டிக்கிற ஃபியூஸ், பீங்கான் குழாய், உள்ளே மணல் நிரப்பியிருக்கும். கம்பி உருகும்போது மணலும் உருகிக் கண்ணாடியாகித் தீப்பொறியை அமுக்கிவிடும். அந்த மணலுக்குத்தான் காசு.

நல்ல மீட்டர்களில் பொதுவாக வருவது 11 ஆம்பியர் 1,000 வோல்ட், 10-க்கு 38 மில்லிமீட்டர். மில்லி ஆம்பியர் பக்கத்துக்கு 440 மில்லி ஆம்பியர், அதுவும் 1,000 வோல்ட். உங்கள் மீட்டர் புத்தகத்தில் போட்டிருக்கிற ஆம்பியர், வோல்ட், அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு ஃபியூஸ் விலை ஒரு மலிவு மீட்டர் விலையை விட அதிகம் என்று அங்கலாய்க்கிறார்கள். ஆமாம், அதிகம்தான். தஞ்சாவூரில் கிடைக்கவில்லை என்றால் திருச்சியில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் வரவழையுங்கள். வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பெரும்பாலான மீட்டர்களில் ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமலேயே வோல்ட்டும் ஓமும் வேலை செய்யும், ஆம்பியர் ஓட்டை மட்டும் செத்துக் கிடக்கும். அப்படிக் கிடப்பது உங்களுக்கு நல்லது.

அப்புறம், அளந்து முடித்ததும் சிவப்பு லீடை வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி (மன்னார்குடி): மீட்டரில் 1,000 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. 11 கே.வி. லைனில் சப்ளை இருக்கிறதா என்று எப்படியாவது பார்க்க முடியுமா?

முடியாது. 11,000 வோல்ட், மீட்டர் 1,000 வோல்ட். நீங்கள் அந்தக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (பாபநாசம்): சுவிட்சை அணைத்த பிறகும் அந்த வயரில் 70, 80 வோல்ட் காட்டுகிறது. பல்பு எரியவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே குழாய்க்குள் கூடவே ஓடும் லைன் வயரிலிருந்து, அந்தரத்தில் நிற்கும் வயருக்குக் கொஞ்சம் வோல்ட் ஏறியிருக்கும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம், அது எதையும் இழுக்காது, அதனால் அப்படியே காட்டிவிடுகிறது. லோ-இசட் (உள்தடையைக் குறைத்து அளக்கும்) வசதி உள்ள மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் அது நிஜ சப்ளை. பேய் வோல்ட் என்று நீங்களே முடிவு கட்டிக் கை வைக்காதீர்கள். சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்த வீடுகள் நம் பக்கம் எத்தனையோ உண்டு.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): 5 ஹெச்.பி. மோட்டார் சூடாகிறது, முனகுகிறது. ஓடும்போது ஸ்டார்ட்டருக்குக் கீழே அளந்தால் மூன்று ஃபேஸும் 380, 400 என்று சரியாகவே வருகிறது. வைண்டிங் கோளாறா?

முதலில் ஒரு ஃபேஸ் போய்விட்டதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார், இழந்த ஃபேஸைத் தானே உற்பத்தி செய்து திருப்பிக் கொடுக்கும், வோல்ட் மீட்டர் ஏமாந்துவிடும். இந்த ஒரு காரணத்தால் நல்ல வைண்டிங்கை வெட்டி எடுத்த ரிவைண்டிங் வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயரிலும் தனித்தனியாக மாட்டுங்கள். 5 ஹெச்.பி.க்கு முழு லோடில் ஏழு, ஏழரை ஆம்பியர். ஒன்றில் பூஜ்யமும் மற்ற இரண்டில் 12, 13-ம் வந்தால் உடனே நிறுத்துங்கள். கிளாம்ப் இல்லை என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டருக்கு மேலே சப்ளை பக்கம் அளந்து பாருங்கள். ஸ்டார்ட்டருக்குள் சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டர் முனை தேய்ந்திருந்தால் அங்கே தெரியாது, அதனால் கிளாம்ப்தான் சரி.

கேள்வி (சீர்காழி): மழைத் தண்ணீரில் மோட்டார் மூழ்கிவிட்டது. காயவைத்து, வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன், ஓப்பன் காட்டுகிறது. போடலாமா?

போடாதீர்கள். மல்டிமீட்டர் ஓம் அளக்கப் பயன்படுத்துவது ஓரிரண்டு வோல்ட். அந்த வோல்ட்டுக்கு ஈரம் அசைந்து கொடுக்காது, 415 வைத்ததும் கொடுத்துவிடும். 500 வோல்ட் வைத்து இன்சுலேஷன் தடையை அளக்கிற மெக்கர் வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் தொடவே கூடாது, நல்ல காய்ந்த மோட்டார் பத்து, இருபது, நூறு என்று காட்டும். மூடியைக் கழற்றி, சுழலியை எடுத்துவிட்டு, உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு இரண்டு நாள் விடுங்கள், மறுபடி மெக்கர் போடுங்கள், எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். வீடுதோறும் மெக்கர் வாங்கச் சொல்லவில்லை. ரிவைண்டிங் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

கேள்வி (கும்பகோணம்): ட்ரூ ஆர்.எம்.எஸ். அவசியமா?

அலை வடிவம் கோணலாக இருந்தாலும் வோல்ட், ஆம்பியரைச் சரியாகக் காட்டுவதுதான் ட்ரூ ஆர்.எம்.எஸ். இன்வெர்ட்டர், எல்.இ.டி. லோடு, சோலார் பம்பு பார்ப்பவருக்கு அவசியம். சாதா மோட்டார் மட்டும் என்றால் அந்தக் காசை நல்ல லீடில் போடுங்கள்.

கேள்வி (ஊர் போடவில்லை): மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, என்ன செய்வது?

என்ன மீட்டர், எதை அளந்தீர்கள், எவ்வளவு வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வந்தது, எதுவுமே இல்லை. இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பேட்டரியை மாற்றிப் பாருங்கள், லீடைப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): இரண்டு வருடத்தில் மூன்று ஜோடி லீடு போய்விட்டது. உப்புக் காற்றா?

உப்புக் காற்றும் உண்டு, மலிவு லீடும் உண்டு. இரண்டு முனையையும் ஒட்டிவைத்து ஓம் பாருங்கள். அரை ஓமுக்கு மேல் வந்தாலோ, வயரை ஆட்டும்போது எண் துள்ளினாலோ அந்த லீடு முடிந்தது. செருகும் பக்கம் உலோகம் வெளியே தெரியாமல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும், முனையில் நாலு மில்லிமீட்டர்தான் வெளியே தெரிய வேண்டும், வயர் சிலிக்கானாக இருக்க வேண்டும். லீடிலேயே கேட்-3 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டர் கேட்-4 ஆக இருந்து லீடு கேட்-2 ஆக இருந்தால் மொத்தமும் கேட்-2தான். கடற்கரைப் பக்கம் மீட்டரை சும்மா வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பேராவூரணி): 2018-ல் கஜா அடித்தபோது வாங்கிய ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் லைனில் வேலை பார்க்கும்போது மீட்டரில் பூஜ்யம் வந்தால் நம்பலாமா?

ஒரு தடவை அளந்து நம்பாதீர்கள். முதலில் சப்ளை இருப்பது உறுதியான இடத்தில், ஜெனரேட்டர் பாயிண்ட்டில் என்று வையுங்கள், மீட்டர் காட்டுகிறதா பாருங்கள். பிறகு வேலை பார்க்கும் இடம். பிறகு மறுபடி அதே பழைய இடம். மூன்றும் சரியாக வந்தால்தான் அந்தப் பூஜ்யம் பூஜ்யம். அந்த நவம்பரில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கிலேயே செருகியவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அது உங்கள் வீட்டோடு நிற்காது. தெரு லைனுக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பப் போய், மேலே வேலை செய்கிற லைன்மேனுக்கு 11,000 வோல்ட்டாகப் போய்ச் சேரும். சேஞ்ச் ஓவர் சுவிட்சை முதலில் போடுங்கள், மீட்டர் அதற்கப்புறம்.

கேள்வி (திருவையாறு): 600 ரூபாய் மீட்டரிலும் கேட்-3 1,000 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

அச்சடிக்க யாராலும் முடியும். சி.இ. முத்திரையும் தயாரிப்பவரே போட்டுக்கொள்வதுதான். யு.எல்., டி.யு.வி. மாதிரி வெளியார் சோதித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள், அதையும் போலியாகப் போடுகிறார்கள் என்பதால் அதோடு விடாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு அங்கேயே பின்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே விரல் பருமனில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருந்தால் பேசலாம். நெல்மணி அளவில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் மட்டும் இருந்தால், வெளியே என்ன எழுதியிருந்தாலும் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறக்க விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.