கேள்வி-பதில்: மொராக்கோ டூரில் கிராமம் எத்தனை மணி நேரம், கடை எத்தனை மணி நேரம்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோ மின்விசா தரத் தொடங்கிய பிறகு, ‘நான்கு அரச நகரங்கள், சகாரா, பெர்பர் கிராமம்’ என்ற விளம்பரத்தை நம் ஊர் டிராவல்ஸ்களிலும் பார்க்க முடிகிறது. பெர்பர் என்பது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி மக்களுக்கு நாம் சொல்லும் பெயர். அந்த விளம்பரங்களையொட்டி வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

சென்னை வாசகர்: ஏழு நாள் பேக்கேஜ். காசாபிளாங்கா, ரபாத், மெக்னெஸ், ஃபெஸ், மெர்சூகா பாலைவனம், மராகேஷ் எல்லாம் உண்டு, ‘பெர்பர் கிராம அனுபவ’மும் சேர்த்தி. மற்றவர்களைவிட விலை குறைவு. அட்வான்ஸ் கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஃபெஸ்ஸிலிருந்து மெர்சூகா சுமார் 460 கி.மீ., மலைப்பாதை, ஏழெட்டு மணி நேரம். மெர்சூகாவிலிருந்து மராகேஷ் சுமார் 560 கி.மீ. அதில் 2,260 மீட்டர் உயரத்தில் உள்ள டிஷ்கா கணவாயையும் ஏறி இறங்க வேண்டும். வந்திறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் கையில் இருப்பது ஐந்து நாள், அதில் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும். மீதி மூன்று நாளில், அரசர்களின் தலைநகரங்களாக இருந்த ரபாத், மெக்னெஸ், ஃபெஸ், மராகேஷ் என்ற நான்கு அரச நகரங்களை எப்படிப் பார்ப்பீர்கள்? மெக்னெஸ்ஸில் பாப் மன்சூர் வாசல் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிடுவீர்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் வோலுபிலிஸ் ரோமானிய நகரம் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. ஒன்று, பத்து நாளாகப் போங்கள். இல்லையென்றால் பாலைவனத்தை விட்டுவிடுங்கள்.

மதுரை வாசகி: ‘பெர்பர் குடும்பத்துடன் தேநீர்’ என்று பயணத்திட்டத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பத்து நிமிடம் புதினாத் தேநீர் கொடுத்தார்கள். பிறகு ஒன்றரை மணி நேரம் கம்பளக் கடையில் உட்கார வைத்தார்கள். எதுவும் வாங்காமல் எழுந்ததற்குக் கைடு முகம் கொடுத்தே பேசவில்லை. இதை ஏமாற்று என்று சொல்லலாமா?

சொல்லலாம் அம்மா. ஏமாற்றுதான். எனக்கு நெடுநாளாக ஆத்திரம் உள்ள விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூரின் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, விட்ட பணத்தைக் கடைகளிலிருந்து எடுப்பது ஒரு பழைய முறை. நீங்கள் வாங்கும் கம்பளத்தின் விலையில் கைடுக்கும் டிரைவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கும் உங்கள் தலையில்தான் ஏறுகிறது. அதனால்தான் கடையில் ஒன்றரை மணி நேரம், வீட்டில் பத்து நிமிடம். பெர்பர் என்று நாம் சொல்லும் அமாசிக் மக்களின் மொழி 2011 அரசியலமைப்பில் அரபிக்கு இணையான ஆட்சி மொழி. அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி 14 அன்று அரசு விடுமுறை. பத்து நிமிடம் காட்டிவிட்டு மூடிவைக்கும் கண்காட்சிப் பொருள்கள் இல்லை அந்த மக்கள்.

அந்தக் கிராமங்களில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல், பார்லி, வாதுமை மரங்கள், முறைவைத்துப் பாய்ச்சும் வாய்க்கால் நீர், ஊர் முழுவதற்கும் பொதுவான மண்கோட்டைத் தானியக் களஞ்சியம். மராகேஷிலிருந்து இம்லில் மலைக் கிராமத்துக்குப் போகும் வழியில் அஸ்னியில் சனிக்கிழமை சந்தை கூடும். அட்லஸ் மலையின் ஐத் பூகுமெஸ் பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்கினால் கால்நடையாகவே ஊர் ஊராகப் போகலாம். இவையெல்லாம் பேக்கேஜில் வராததற்குக் காரணம், இங்கெல்லாம் கமிஷன் கிடைக்காது.

ஐத் பென்ஹத்தூவைக் காட்டி ‘கிராமம்’ என்பவர்களும் உண்டு. 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அழகான மண்கோட்டை ஊர், கட்டாயம் பாருங்கள். ஆனால் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு எதிர்க்கரைக்குக் குடிபோய்விட்டார்கள், உள்ளே மிச்சம் இருப்பவை ஒரு சில குடும்பங்களே. அதைக் கிராம வாழ்க்கை என்று விலை போடக் கூடாது.

இனி போகிறவர்கள் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: கிராமத்தின் பெயர் என்ன, எத்தனை மணி நேரம், சாப்பாடு யார் வீட்டில், அந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் போகிறது, வழியில் எத்தனை கடைகளில் வண்டி நிற்கும். பெயரைச் சொல்ல முடியாத நிறுவனத்திடம் கிராமம் இல்லை.

கோவை வாசகர்: மராகேஷ் சூக்கில் (சந்தையில்) கற்றாழைப் பட்டு விரிப்பு வாங்கினேன். கடைக்காரர் நூலைக் கொளுத்திக் காட்டினார், உருகவில்லை. அசல்தானே?

அந்தச் சோதனை பாலியெஸ்டர் இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ் நூலும் காகிதம் போலத்தான் எரியும், உருகாது. கற்றாழைப் பட்டுக்கு அங்கே சொல்லும் ‘சப்ரா’ என்ற பெயரில் சூக்கில் தொங்குவதில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. இதே தீக்குச்சி வித்தையைக் காட்டித்தான் விற்றார்கள், முதல் அலசலிலேயே சாயம் வாளி நிறைய இறங்கிவிட்டது. அதே சந்தையில் வாங்கிய குங்குமப்பூவும் அப்படித்தான்: வெந்நீரில் போட்ட மறுநொடி நீர் சிவந்தது, இழை வெளுத்தது. அசல் குங்குமப்பூ மெதுவாக, பொன்மஞ்சளாகத்தான் நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். கடையிலேயே ஒரு குவளை நீர் கேட்டுப் போட்டுப் பாருங்கள். விரிப்பு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பட்டு விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

சேலம் வாசகர்: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒருவரின் தனிப்பட்ட கணக்குக்கு முழுத் தொகையும் யுபிஐ-யில் அனுப்பினேன். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. இப்போது போன் எடுப்பதில்லை.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இந்த நிமிடமே போன் செய்யுங்கள். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இல்லாத கணக்குக்கு, ரசீதில்லாமல், பயணத்துக்கு மாதங்கள் முன்பே முழுப் பணத்தையும் கட்டாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது?

திருச்சி வாசகி: என் பெற்றோரின் திருமண நாளுக்காக, அட்லஸ் மலைக் கிராம வீட்டில் இரண்டு இரவு உண்டு என்பதற்காகவே கூடுதல் பணம் கட்டி அந்த டூரை எடுத்தோம். அங்கே போனதும் வர்சசாத் நகர ஹோட்டலில் தங்க வைத்துவிட்டார்கள். ‘பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள். பனியால் சாலை அடைபட்டால் மாற்றலாம், அதற்குத்தான் அந்த வரி. தனியாகப் பணம் வாங்கிய சேவையைத் தராமல் இருப்பதற்கு அது கேடயம் ஆகாது. சேவைக் குறைபாடு என்று முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அசையவில்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரே போதும், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு கெடு உண்டு. விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், கூடுதல் தொகைக்கான ரசீது, வர்சசாத் ஹோட்டல் சீட்டு நான்கையும் பத்திரமாக வையுங்கள். பெற்றோர் பட்ட மன வருத்தத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: டூர் பில்லில் டிசிஎஸ் என்று தனியாக வாங்குகிறார்கள். மோசடியா?

இல்லை, டூர் விற்பவரே உங்களிடம் முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் வாசகர்: ஃபெஸ்ஸில் கைடு அவசியமா? போனில் மேப் இருக்கிறதே.

ஃபெஸ்ஸின் பழைய நகரம் வண்டி நுழையாத ஆயிரக்கணக்கான சந்துகள். இரு பக்கமும் உயர்ந்த சுவர், மேப் அடிக்கடி தடுமாறும். முதல் நாள் மட்டும் அரசு உரிமம் பெற்ற கைடை வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்த பிறகே பேசுங்கள். நகரக் கைடுக்கும் மலைக் கைடுக்கும் உரிமம் வேறு வேறு. ‘அந்த வழி மூடியிருக்கிறது, நான் காட்டுகிறேன்’ என்று யாராவது வந்தால் நிற்காமல் நடங்கள். ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை மேலிருந்து பார்க்கத் தோல் கடை மாடிகளுக்குத்தான் ஏற வேண்டும். பார்த்துவிட்டுச் சிறு அன்பளிப்பு கொடுத்து இறங்கலாம், பை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திருநெல்வேலி வாசகி: நிலநடுக்கத்தில் அந்த மலைக் கிராமங்கள் அழிந்தன என்று படித்தேன். இப்போது சுற்றிப் பார்க்கப் போவது சரியா?

2023 செப்டம்பர் 8 இரவு 6.8 அளவில் வந்த அதிர்வில் 2,900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அல் ஹவூஸ் மாகாணத்து மண்வீடுகள் ஊர் ஊராகச் சரிந்தன. 12-ஆம் நூற்றாண்டின் தின்மெல் மசூதியும் பெரும் சேதமடைந்தது. ஆனாலும் போங்கள். இம்லில் பக்கம் பல குடும்பங்கள் மலையேற வருகிறவர்களை நம்பித்தான் பிழைக்கின்றன. மராகேஷில் இருந்துகொண்டு பகலில் போய்த் திரும்பாமல் கிராமத்து விடுதியிலேயே தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், கோவேறு கழுதைக்காரருக்குப் பேசிய கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். தற்காலிக வீடுகளில் இருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

காரைக்குடி வாசகர்: ஆர்கன் எண்ணெய் எங்கே வாங்குவது? வழியில் ஆடுகள் மரத்தில் நிற்பதைப் பார்க்க முடியுமா?

பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில், உறுப்பினர் யார், கூலி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வாசலில் நான்கு பெண்களை உட்காரவைத்துக் கொட்டை உடைக்கச் சொல்லிவிட்டுக் கல்லாவில் வேறொருவர் இருக்கும் கடைகளும் கடலோர எஸ்ஸவீராவுக்குப் போகும் சாலையில் இருக்கின்றன. சமையலுக்கானது வறுத்த பருப்பில் எடுத்தது, பூசுவதற்கானது வறுக்காதது, கலந்து வாங்கிவிடாதீர்கள். ஆடுகள் ஆர்கன் மரத்தில் தாமாகவே ஏறும்தான். ஆனால் அதே சாலையோரம் நாள் முழுதும் ஒரே கிளையில் நிற்பவற்றைப் போட்டோவுக்காக ஏற்றிக் கட்டுகிறார்கள். அங்கே காசு கொடுக்காதீர்கள்.

கும்பகோணம் வாசகி: நாங்கள் சுத்த சைவம். மலைக் கிராமத்தில் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். மண்சட்டியில் வேகும் காய்கறித் தஜீன், ரொட்டி, பருப்பு சூப், ஆலிவ் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை செய்யும் கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை உணவில் மேலே காய்கறிதான் தெரியும், ஆனால் பெரும்பாலும் இறைச்சிச் சாறில் வேகவைத்திருப்பார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள், தனியாகச் செய்து தருவார்கள்.