கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு எழுத்துப் பாடம் எதற்கு?

கால் ஸ்டேட்டில், அதாவது பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில், கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப்போவதாகவும், பட்டம் வாங்க அங்கே நிறைவேற்ற வேண்டிய எழுத்துத் திறன் நிபந்தனையைக் கடைசி செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மூன்றாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

பட்டம் வாங்கியவர்களுக்கே ஒழுங்காக எழுத வரவில்லை என்று அமெரிக்காவில் பெரிதாகப் புகார் எழுந்த சமயத்தில், 1976-ல், கால் ஸ்டேட்டின் அறங்காவலர் குழு கொண்டுவந்த விதி இது. எந்தத் துறைக்கும் விலக்கு கிடையாது. சில வளாகங்கள் தேர்வு வைத்தன, சில பாடமாகவே நடத்தின. 2020-ல் கொரோனாவால் தேர்வுகள் நின்றன. என்னைக் கேட்டால் பாடம்தான் சரி. அவசரமாக எழுதிக் கொடுக்கும் ஒரு கட்டுரையை வைத்து யாருடைய எழுத்தையும் எடைபோட முடியாது.

நான் படித்த சான் ஹோசே வளாகத்தில் இந்தப் பாடத்துக்கு 100டபிள்யூ என்று பெயர். துறைக்கு ஏற்ற மாதிரி வகுப்புகள் உண்டு. 60 யூனிட் (சுமார் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கான கிரெடிட்) முடித்திருக்க வேண்டும், குறைந்தது சி கிரேடு வாங்க வேண்டும்.

நம் ஊர் ப்ளஸ் டூவில் முன்னுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு நோட்ஸை ஒப்பித்தாலே மதிப்பெண் வந்துவிடும். இங்கே அது எடுபடாது. சர்வர் கோளாறு பற்றி அறிக்கை எழுதிய ஒரு வகுப்புத் தோழி, இன்றைய உலகில் இணையம் எவ்வளவு முக்கியம் என்று ஆரம்பித்திருந்தார். பேராசிரியை அந்தப் பத்தியை வட்டமிட்டு, ‘இதைப் படிக்கும் மேனேஜருக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்?’ என்று ஓரத்தில் எழுதினார். திருத்தித் திருத்தி எழுதியபின் முதல் வரி இப்படி ஆனது: ‘செவ்வாய் இரவு டிஸ்க் நிரம்பியதால் சர்வர் நின்றது, பழைய லாக் கோப்புகளை வாராவாரம் நீக்கினால் இது மறுபடி நடக்காது.’ இரண்டு பக்க அறிக்கை ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. வேலைக்குப் போனபின் நான் எழுதிய ஒவ்வொரு மெயிலிலும் அந்தக் கேள்வி உதவியிருக்கிறது. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் அறிக்கைக்கு முன்னாலேயே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும் என்றுதான் மூன்றாம் ஆண்டு என்கிறேன்.

முதல் வரைவு முடிந்ததுமே, எழுத்துக்கு உதவும் வளாக மையமான ரைட்டிங் சென்டருக்குப் போங்கள், மாணவர்களுக்கு இலவசம். இலக்கணப் பிழை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சொல்லவந்தது என்ன என்று உட்கார வைத்துக் கேட்பார்கள்.

அப்புறம், கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுக் கல்லூரி) படித்துவிட்டு மாறி வருகிறீர்கள் என்றால், அங்கே முடித்த ஆங்கிலப் பாடம் இதற்கு ஈடாகாது. இது மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கான பாடம். உங்கள் துறை எந்த வகுப்பை ஏற்கிறது என்று அட்வைசரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.