மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் கழுத்தைப் பிடித்திருக்கிறார்: ஓர் அக்காவின் கேள்விக்கு மனநல மருத்துவரின் பதில்

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை நல்ல வேலையில் இருக்கிறார், எப்போதாவதுதான் குடிப்பார். எங்களிடமோ அக்கம்பக்கத்திலோ அதிர்ந்துகூடப் பேசமாட்டார். ஆனால் தங்கை மேல் எப்போதும் சந்தேகம். அவள் போனைத் தினமும் வாங்கிப் பார்க்கிறார். ஆபீசில் இருக்கிறாளா என்று வீடியோ காலில் காட்டச் சொல்கிறார். போன மாதம் ஒரு சண்டையில் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார். மறுநாள் காலில் விழுந்து அழுதாராம். அவள் பிரிந்து வந்துவிட நினைக்கிறாள். "நீ போனால் நான் உயிரோடு இருக்கமாட்டேன்" என்கிறார். பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். டெல்லி நைனா சாஹ்னி வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மனைவியைக் கொல்கிறவர்கள் மனநோயாளிகளா? இவரை டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அந்தக் கழுத்து விஷயம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

உங்கள் தங்கைக்கு அந்தச் சண்டைக்குப் பிறகு குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, விடாத தலைவலி, கழுத்துவலி, கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது என்று ஏதாவது உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். கழுத்தை நெரித்தால் வெளியே தடம் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்கு ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே, மூளைக்கு ரத்தம் போகும் குழாயின் சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அறிகுறி எதுவும் இல்லை என்றாலும் ஒரு டாக்டரைப் பார்க்கட்டும். "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல், கணவர் கழுத்தை நெரித்தார் என்று நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். அரசு மருத்துவமனையில் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதன் நகலைக் கேட்டு வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள், அவள் வீட்டில் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடும்ப வன்முறையில் உயிர் போகும் ஆபத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட அடையாளங்களில் கழுத்தை நெரிப்பது மிக முக்கியமானது. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு கூடுவதாகக் கணக்கிட்டது. அறை, உதை எல்லாமே வன்முறைதான். ஆனால் கழுத்தைப் பிடிப்பவன் "உன் மூச்சு என் கையில்" என்று காட்டுகிறான். அதைச் செய்து பார்த்துவிட்டவரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்கள் கேள்வி. மனைவியைக் கொல்கிறவர்கள் மனநோயாளிகளா? பெரும்பாலும் இல்லை. நீங்கள் படித்த வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

நைனா சாஹ்னி 1995 ஜூலை 2 இரவு டெல்லி கோல் மார்க்கெட் பகுதி வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்ற கணவர் சுஷில் சர்மா, டெல்லி இளைஞர் காங்கிரஸின் தலைவராக இருந்தவர். உடலை ஓர் ஓட்டலின் தந்தூரி அடுப்பில் எரிக்கப் பார்த்ததால் அதுவே வழக்கின் பெயராகிவிட்டது. எல்லோருக்கும் அடுப்புதான் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களை யாரும் பேசுவதில்லை, நமக்குத் தேவையானது அதுதான். இருவருக்கும் கல்யாணம் ஆனதை அவர் வெளியே சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நைனா வற்புறுத்தினார், அதற்காகச் சண்டை, அடி. பழைய நண்பர் ஒருவரோடு நைனாவுக்கு இன்னும் உறவு இருக்கிறது என்ற சந்தேகம். இவரை விட்டு விலகி வெளிநாடு போய்விட நைனா வழி தேடிக்கொண்டிருந்தார் என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. கொலை நடந்த இரவும் ஒரு போன் அழைப்பில்தான் தொடங்கியது. அவர் வீட்டுக்கு வந்தபோது நைனா போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று பார்க்க அதே எண்ணைத் திரும்ப அழைத்தார், அந்த நண்பரின் குரல் கேட்டது, சுட்டார் என்பது போலீஸ் தரப்புச் சொன்னது.

சுட்ட பிறகு அவர் செய்ததையும் பாருங்கள். உடலை அப்புறப்படுத்தினார், ஊரை விட்டு ஓடினார், சென்னை வரைக்கும் வந்து இங்கே ஒரு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கினார், கடைசியில் பெங்களூரில் பிடிபட்டார். தான் செய்வது என்னவென்று தெரியாத மனம் முன்ஜாமீனைப் பற்றி யோசிக்காது. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சட்டம் யாரைச் சொல்கிறதோ (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 84, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 22), அவர் தன் செயலின் தன்மையையோ, அது தப்பு என்பதையோ அறிய முடியாத நிலையில் இருக்க வேண்டும். கோபம், பொறாமை, அவமானம் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

விசாரணை நீதிமன்றம் 2003இல் தூக்குத் தண்டனை கொடுத்தது, 2007இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2013 அக்டோபரில் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அவருக்கு முன் குற்றப் பின்னணி இல்லை, கசந்துபோன தனிப்பட்ட உறவின் விளைவு இந்தக் கொலை, சமூகத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்ல முடியாது என்பவை காரணங்களில் சில. மனைவி மேல் அவருக்கு மிகுந்த ஆசை, மிகுந்த உடைமையுணர்வு என்றும் தீர்ப்பு பேசியது.

தூக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு அந்தத் தீர்ப்போடு சண்டையில்லை. ஆனால் நீதிமன்றத்தின் கேள்வியும் உங்கள் கேள்வியும் வேறு. இந்த ஆள் ஊருக்கு ஆபத்தா என்று அவர்கள் பார்த்தார்கள். உங்கள் தங்கைக்கு ஆபத்தா என்று நீங்கள் பார்க்க வேண்டும். இந்த மாதிரி ஆட்களில் பலருக்கு வெளியே எந்தக் கெட்ட பெயரும் இருக்காது. ஆபீசில் மேனேஜர் திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறவர், வீட்டுக்கு வந்து ஒரே ஒருத்தியின் கழுத்தைப் பிடிக்கிறார் என்றால், அவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். யாரிடம் அடக்க வேண்டியதில்லை என்பதும் தெரியும். ஆகவே "எங்களிடம் அதிர்ந்துகூடப் பேசமாட்டார்" என்பதை அவருக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிப்பட்டவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது? என் அனுபவத்தில் அடியில் இருப்பது பெரும்பாலும் பயம், தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தை அவர் தன்னுடைய பிரச்சினையாகப் பார்ப்பதில்லை, அவளுடைய நடத்தையின் பிரச்சினையாகப் பார்க்கிறார். அதனால் அவளைக் கண்காணித்தால் பயம் தீரும் என்று நம்புகிறார். தீராது. இன்றைக்குப் போனில் ஒன்றும் இல்லையென்றால், அழித்துவிட்டாள் என்று தோன்றும். அப்புறம் வீடியோ கால், அப்புறம் வேலையை விடச் சொல்வது. கண்காணிப்பு கூடக் கூட அவள் விலகுகிறாள், அவள் விலக விலக இவருக்குத் தன் சந்தேகம் சரிதான் என்று ஆகிவிடுகிறது. "நான் அவ்வளவு நேசித்தும் இப்படிச் செய்கிறாளே" என்று தன்னைத்தான் பாதிக்கப்பட்டவராக உண்மையாகவே நினைப்பார். காலில் விழுந்து அழுதாரே, அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அழுகையும் நிஜமாக இருக்கலாம், அடுத்த முறை கை கழுத்துக்குப் போவதும் நிஜமாக இருக்கலாம்.

பிரிட்டனில் குற்றவியல் பேராசிரியர் ஜேன் மாங்க்டன் ஸ்மித் இப்படிப்பட்ட 372 கொலைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். "கண நேர ஆத்திரத்தில் நடந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்லும் கொலைகளுக்குப் பின்னால் ஒரே மாதிரியான 8 கட்டங்களை அவர் கண்டார். வேகமாக நெருங்கும் உறவு, கட்டுப்பாடு, பிறகு அந்தக் கட்டுப்பாட்டை அசைக்கும் ஏதோ ஒன்று. பெரும்பாலும் அந்த ஒன்று, பெண் பிரியப்போகிறாள் என்பதுதான். அதற்குப் பிறகு ஆள் மாறுகிறார்: கெஞ்சல், மிரட்டல், பின்தொடர்தல், தற்கொலை பேச்சு. அதுவும் பலிக்காதபோது அவரது யோசனை வேறு பக்கம் திரும்புகிறது. உங்கள் தங்கை இப்போது நிற்கும் இடம் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில். அமெரிக்காவில் 11 நகரங்களை வைத்து 2003இல் செய்த ஆய்வும், கட்டுப்படுத்தும் குணமுள்ள ஆளை விட்டுப் பெண் பிரியும்போது கொலை ஆபத்து 9 மடங்கு ஏறுவதாகச் சொன்னது.

அப்படியானால் பிரியவே வேண்டாமா? கட்டாயம் பிரியலாம். எப்படிப் பிரிகிறாள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

அதற்கு முன் டாக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். சந்தேகமே நோயாக இருப்பவர்கள் உண்டு. மனைவியின் உள்ளாடையைச் சோதிப்பது, குழந்தை தனக்குப் பிறந்ததில்லை என்பது, பால்காரர் முதல் சொந்தத் தம்பி வரை எல்லோரையும் சேர்த்துப் பேசுவது, எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாதது. தொடர் குடியோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். இதற்கு மருந்து உண்டு, பலருக்கு நன்றாகவே கேட்கும். மாப்பிள்ளையின் பெற்றோர் அவரை அழைத்துப் போகட்டும். அவர் மறுத்து, வன்முறையும் மிரட்டலும் தொடர்ந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் பிரிவு 89இன்படி அவருடைய பிரதிநிதியின் (அவர் யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினரே பிரதிநிதி) விண்ணப்பத்தில், மருத்துவர்கள் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க வழி இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழைக்கலாம், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது.

ஆனால் நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது. தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் வழக்கில் இதைப் பார்க்கலாம். 2013 பிப்ரவரி 14 அதிகாலை, மூடிய கழிவறைக் கதவின் வழியாக 4 முறை சுட்டார். உள்ளே இருந்த காதலி ரீவா ஸ்டீன்கேம்ப் இறந்தார். திருடன் என்று நினைத்துச் சுட்டேன் என்பது கடைசி வரை அவர் வாதம். பதற்ற நோய் இருப்பதாக அவர் தரப்பு சொன்னதால் நீதிமன்றம் 30 நாள் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பியது. சரி தப்பு தெரியாத அளவுக்கு மனநோய் எதுவும் இல்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். உள்ளே இருப்பது யார் என்று அவர் நினைத்திருந்தாலும் அது கொலைதான் என்று மேல்முறையீட்டில் 2015இல் முடிவானது. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ரீவா அவருக்கு வாட்ஸ்அப்பில், சில நேரம் உன்னைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். எந்த உறவிலும் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று விசாரணை நீதிபதி அதை ஒதுக்கி வைத்தார். குற்றத்தை நிரூபிக்க அது போதாது என்பது சரியாக இருக்கலாம். ஒரு குடும்பம் முடிவெடுக்க அந்த ஒரு வரி போதும். உங்கள் தங்கைக்குப் பயமாக இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறது என்றால், மருத்துவச் சான்றிதழை விட அந்தப் பதிலை நம்புங்கள்.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கவுன்சலிங் கொடுக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அடி நடக்கும் வீட்டுக்கு நான் அதைச் செய்வதில்லை. அவர் முன்னால் அவள் உண்மையைச் சொன்னால் வீடு திரும்பியதும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சந்திப்பால் பயனில்லை. அப்பா சொல்லும் பெரியவர்கள் பேச்சும் அப்படித்தான். நான்கு பேர் முன்னால் "இவளுக்கு உங்களோடு வாழ இஷ்டமில்லை" என்று சொல்வது, நான் மேலே சொன்ன திருப்பத்துக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதற்குச் சமம். அவமானமும் சேர்ந்துகொள்ளும். அப்பாவிடம் இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பேச்சே கூடாது என்று சொல்லவில்லை, அவள் பத்திரமான இடத்துக்கு வந்து, நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவும் கையில் வந்த பிறகு வக்கீல் மூலம் பேசலாம்.

அவள் கிளம்பும் நாளை அவரிடம் சொல்ல வேண்டாம். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கிளம்பட்டும். ஆதார், சான்றிதழ்கள், பாஸ்புக், நகையில் முடிந்தது ஆகியவை முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடம் வந்துவிடட்டும். அவள் போனை அவர் பார்ப்பதால் இதையெல்லாம் அந்தப் போனில் பேசாதீர்கள். இருப்பிடம் காட்டும் வசதி அதில் இயங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு "மீதித் துணியை எடுத்துக்கொள்ள வா", "கடைசியாக ஒரே ஒரு தடவை பேசணும்" என்று அழைப்பு வரும். தனியாகப் போகவே கூடாது. அந்தக் கடைசிச் சந்திப்பில் உயிர் போன வழக்குகள் ஏராளம். துணி போனால் போகட்டும்.

"உயிரோடு இருக்கமாட்டேன்" என்று அவர் சொல்வதை மிரட்டல்தானே என்று தள்ளிவிடவும் கூடாது, அதற்காக அவள் திரும்பிப் போகவும் கூடாது. அவருடைய அண்ணனுக்கோ பெற்றோருக்கோ அந்த வார்த்தையை அப்படியே தெரிவியுங்கள். அவரைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. சாகத் துணிந்தவர் கொல்லவும் துணியலாம் என்பதால் இது அவளுக்கும் எச்சரிக்கை.

சட்டப்படி, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005தான் உங்களுக்கு முதல் கதவு. அதற்கு விவாகரத்து கேட்க வேண்டியதில்லை, ஏன், எஃப்.ஐ.ஆர்.கூட வேண்டியதில்லை. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் அக்காவாகிய நீங்களே தகவல் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் வழக்கமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவை மனுவிலேயே கேளுங்கள், பிரிவு 23இன்படி எதிர்த்தரப்பு வராமலேயே அதைக் கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழுத்தை நெரித்ததற்குத் தனியாக அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எந்த எல்லை என்று அலைக்கழித்தால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியும் வழக்கு) போடச் சொல்லுங்கள், மறுக்க முடியாது.

உங்கள் வீட்டு முகவரி அவருக்குத் தெரியும் என்பதால், முதல் சில நாட்கள் அவள் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குவதையும் யோசியுங்கள். அங்கே தற்காலிகத் தங்கல், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். 181க்கு அழைத்தால் உங்கள் மாவட்ட மையம் எங்கே என்று சொல்வார்கள், இரவிலும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112. இந்த இரண்டு எண்களையும் தங்கை மனப்பாடம் செய்யட்டும், போனில் சேமிக்க வேண்டாம்.